பிரோஷ்கா மேடத்தின் செத்தவீடு

வாசல் கேற்றில் இரண்டாவது வெள்ளைத் தலையணை உறையைக் கமலாசனி கட்டி முடிக்கவும், லொறி வளைவில் திரும்பும் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

வெள்ளை தொங்கினால் இழவு வீடு. கண்டியில் அது எல்லோருக்கும் தெரியும்.

ஓடிவந்து மேடத்தின் தலைமாட்டில் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். பொட்டை அழித்தாயிற்று. வெள்ளைச் சேலையைக் கண்டிச் சிங்களத்திகள் மாதிரிக் கட்டியாயிற்று. இனி வாயைத் திறக்காவிட்டால் உயிர் தப்பலாம்.

அங்கேதான் சிக்கல். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்குச் சும்மா அழ வராது. நெஞ்சில் அடித்து, "என்னை ஆரிட்ட விட்டிட்டுப் போறியள்" என்று சொல்லி அழுதால்தான் அழுகை. இன்றைக்கு ஒரு சொல் வெளியே வந்தால் வீட்டோடு வைத்துக் கொளுத்திவிடுவார்கள். எண்பத்து மூன்று ஜூலை. தமிழர் வீடுகளாகத் தேடித் தேடி எரிக்கிறார்கள். கீழ் வீதியில் நடராஜா மாஸ்டரின் வீடு காலையிலிருந்து புகைகிறது.

ஹோல் நடுவில், நீள மர வாங்கில் கிடந்தார் பிரோஷ்கா மேடம். வயது எண்பத்தொன்று.

ஹங்கேரியில் பதினெட்டுப் படம் நடித்தவர். எல்லாம் ஊமைப்படம். பேசும்படம் வந்ததும் குரல் கரகரப்பு என்று கழித்துவிட்டார்கள். உலக யுத்தத்தில் படச்சுருளெல்லாம் எரிந்தது. தேயிலைத் துரை ஒருவரைக் கட்டி ஹுன்னஸ்கிரியத் தோட்டத்துக்கு வந்தார். துரை போய்ச் சேர்ந்தபின் கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் இந்த வீடு. அவர் சொல்லச் சொல்ல அந்தப் பதினெட்டுக் கதையையும் டைப் அடிப்பதுதான் மூன்று வருடமாகக் கமலாசனிக்கு வேலை.

ஏழெட்டுப் பேர் நுழைந்தார்கள். பெற்றோல் கானை வாசலிலேயே வைத்தார்கள். முன்னால் வந்தவன் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டான்.

"டைப் அடிக்கிற தமிழச்சி எங்கே?" சிங்களத்தில் கேட்டான்.

கமலாசனி நிமிரவில்லை. கையைத் தூக்கிக் கேற்றுப் பக்கம் காட்டி, விரல்களை விரித்தாள். 'போய்விட்டாள்' என்று அர்த்தம்.

கண்ணீர் நிஜமாகவே கொட்டியது. சத்தம்தான் இல்லை.

ஓர் ஈ வந்து மேடத்தின் மேலுதட்டில் உட்கார்ந்தது. மூக்கு வரைக்கும் நடந்தது.

அவனே குனிந்து ஈயை விரட்டினான். கைகூப்பினான். ஏதோ சொல்லிவிட்டு ஆட்களோடு வெளியேறினான். லொறி அடுத்த வளைவையும் தாண்டியது.

"என்ன சொன்னான்?" என்றார் பிரோஷ்கா மேடம், கண்ணைத் திறக்காமலே.

"மரண உதவிச் சங்கத்துத் தலைவராம், மேடம். ஆருமில்லாத மனுசியை அப்பிடியே விடேலாதாம். நாளைக்கு ஒன்பது மணிக்குப் பெட்டியோடை வருவினமாம். ராத்திரிக் காவலுக்கு இப்பவே ரெண்டு பேரை அனுப்புறாராம்."

"அப்படியானால் நீ இந்தச் சேலையோடேயே புறப்படு. மேலே பாதிரிமார் மடம் வரைக்கும் அழுதுகொண்டே நட. யாரும் மறிக்கமாட்டார்கள்."

"நீங்கள்?"

"ஒன்பது மணிக்கு எழும்புகிறேன்."

கமலாசனி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போ, பெண்ணே. போகும்போது விளக்கை இடது பக்கம் கொஞ்சம் நகர்த்து. முகத்தில் நிழல் விழுகிறது."