பத்துப் பொருத்தத்தில் ஒன்பது

ஞாயிறு மத்தியானம். புலம்பெயர்ந்து வாழும் இத்தாலிய நகரத்தின் பல்லாறோ சந்தைக் கூச்சல் அல்பெர்கேரியாச் சந்து வழியே மூன்றாம் மாடிக்கு ஏறி வருகிறது. இந்திராதேவியின் மேசையில் மடிக்கணினி. திரையில் பழைய ஆட்டமொன்றின் பதிவு: அவள் மகன் சுஜன், அமெரிக்கக் கல்லூரியொன்றின் ‘அமெரிக்கன் ஃபுட்போல்’ அணியில் ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக், பந்தை எறிகிறான், எறிய வழியில்லாவிட்டால் தானே கொண்டு ஓடுகிறான். சம்பளம் தரும் பெரிய அணிகள் அவனை எடுக்குமா என்று கணிக்க வந்திருப்பவர் விளையாட்டுக் கழகத் தலைவர் இராஜதுரை. இந்த ஆட்டத்தை வாழ்க்கையில் இரண்டாம் முறையாகப் பார்ப்பவர், சாதகம் பொருத்துகிற தோரணையில் விரல் மடிக்கிறார். “ஓட்டம், எறி, உயரம்... பத்துப் பொருத்தத்திலை ஒன்பது சரி, தங்கச்சி. கட்டாயம் எடுப்பினம். வாழ்த்துப் பதாகையிலை என்ரை படமும் வரவேணும்.” திரையில் நாலு தடியன்கள் சுஜன்மேல் விழுகிறார்கள். போன மாதம் இப்படித்தான் அவன் தோள் விலகியது. இந்திராதேவி கண்களைப் பொத்திக்கொள்கிறாள். அந்நேரம் பார்த்து சுஜனே தொலைபேசியில் வருகிறான். “அம்மா, பயிற்சியாளர் சொல்லிப்போட்டார். ஓட்டம் நல்லமாம், எறி காணாதாம். ஒருத்தரும் எடுக்க மாட்டினம். படிப்பை முடிச்சுப்போட்டு வாறன்.” இராஜதுரையின் மடித்த விரல்கள் மெல்ல நிமிர்கின்றன. “அவங்களுக்கு ஆட்டம் விளங்கேல்லை.” “ஓம் அண்ணை, விளங்கேல்லைத்தான். வடை எடுங்கோ,” என்று நிம்மதியாக மூச்சு விடுகிறாள் இந்திராதேவி. பிறகு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, மகன் ஓடுவதை முதல்தடவையாகக் கடைசிவரை பார்க்கிறாள். “என்ன வடிவா ஓடுறான், பாருங்கோவன்!”