ஒன்பதாம் கட்டம்

அருள்மொழி குத்தவைத்து உட்கார்ந்து ஒரு வெங்கச்சாங்கல்லைப் புரட்டினாள்.

மேலே பால் வெள்ளையாக இருந்த கல்லின் அடியில் மெல்லிசாகப் பச்சை படிந்திருந்தது.

உச்சி வெயில். வெப்பமானியைப் பாறையில் வைத்தால் ஐம்பத்தெட்டு காட்டியது. மாசி பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. மண் என்று அள்ள ஒரு பிடி கிடையாது. நான்கு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் மலை சரிந்தபோது மண், மரம், ஏலச்செடி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த இரண்டாம் லயத்தையும், அதில் இருந்த பன்னிரண்டு பேரையும் சேர்த்து.

இப்படிப்பட்ட இடத்திலும் கல்லுக்கு அடியில் சில உயிர்கள் ஒண்டிக்கொண்டு கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். வெள்ளைக்கல்லின் ஊடே இறங்கும் துளி வெளிச்சம் அவற்றுக்குப் போதும். காற்றில் இருக்கும் நைட்ரஜனை இழுத்து இந்த வெறும் சரளைக்கு ஊட்டும். அதன்மேல் பாசி வரும். பாசிமேல் புல். புல்லுக்குப் பின்னால்தான் மரம்.

சரிந்த மலை மறுபடியும் மலையாவதற்கு முதலில் வந்து சேரும் ஆட்கள் இவர்கள்தான்.

அருள்மொழியின் ஆராய்ச்சி அதைப் பற்றியது. மாதம் ஒரு தடவை மதுரையிலிருந்து ரயிலில் போடிக்கு வருவாள். ஏலக்காய் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் ஜீப்பில் ஏறி மேலே வருவாள். சரிவில் பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் சதுரம், நான்கு மூலையிலும் ஆணி அடித்து நைலான் கயிறு கட்டியது. கல்லைப் புரட்டுவாள், சுரண்டுவாள், குப்பியில் போட்டு எண் எழுதுவாள்.

துணைக்கு எஸ்டேட் வாட்ச்மேன் மொக்கச்சாமி வருவார். குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதுவும் கேட்க மாட்டார்.

இரண்டு வருஷமாக இப்படித்தான். விடுதியிலும் அவளோடு பேச்சுக்கு ஆள் கிடையாது. பொங்கலுக்கு மற்ற பெண்கள் ஊருக்குப் பெட்டி கட்டும்போது, அவள் ஆய்வுக்கூடத்தின் சாவியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வாள்.

போன் அடித்தது. அவளுடைய பேராசிரியை சுசித்ரா.

“போன மாச ரிசல்ட் வந்துருச்சு அருள்மொழி. மத்த கட்டமெல்லாம் சரியா இருக்கு. ஒன்பதுல மட்டும் பாஸ்பரஸ் அஞ்சு மடங்கு. மாடு கீடு ஏதாவது உள்ள புதைஞ்சு கிடக்கான்னு பாரு. அப்படின்னா அந்தக் கட்டத்தையே விட்டுருவோம்.”

“பாக்குறேன் மேடம்.”

ஒன்பதாம் கட்டம் நாலு எட்டு தள்ளி இருந்தது. ஒரு பெரிய பாறைக்குக் கீழே.

மற்ற கட்டங்களைவிட அங்கேதான் முதலில் பச்சை வந்தது. போன மழைக்குப் பாசியும் அங்கேதான் முதலில் பிடித்தது. அதைப் படம் எடுத்து ஒரு கருத்தரங்கில் பெரிய திரையில் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள்.

நைட்ரஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பாஸ்பரஸைக் காற்று தராது. இந்தப் பாறையும் அவ்வளவு சீக்கிரத்தில் தராது.

எலும்பு தரும்.

“மாமா, ரெண்டாம் லயத்துல யாராச்சும் மாடு வச்சிருந்தாங்களா?”

மொக்கச்சாமி அவளையே பார்த்தார்.

“மாடு கட்ட அங்க ஏது தாயி எடம்? ஒனக்குத் தெரியாததா?”

தெரியும். சுவரோடு சுவர் ஒட்டிய ஆறு வீடுகள். நாலாவது வீட்டில்தான் அவள் பிறந்தாள்.

பன்னிரண்டு பேரில் பதினோரு பேரை மூன்று நாளில் எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒருத்தியை மேலும் எட்டு நாள் தேடினார்கள். மழை விடவில்லை. நிறுத்திவிட்டார்கள்.

பேச்சி, வயது நாற்பத்தேழு. ஏலக்காய் பறித்த கூலியில் ஒற்றை மகளை மதுரைக்கு அனுப்பிப் படிக்க வைத்தவள்.

ஆராய்ச்சிக்கு ஏன் இந்தச் சரிவு என்று சுசித்ரா மேடம் கேட்டபோது, போடிக்கு ரயில் வசதி இருக்கிறது என்று மட்டும்தான் அருள்மொழி சொல்லியிருந்தாள்.

அவள் எழுந்து போய் ஒன்பதாம் கட்டத்தின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். மூன்று முடிச்சு வந்தது. நாலாவது வரவில்லை. மொக்கச்சாமி குடையைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து அவிழ்த்துக் கொடுத்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

“போலீஸ் ஸ்டேஷன்ல சொல்லிட்டு, நாலு ஆள வெரசா கூட்டியாறேன். தோண்டிருவமா தாயி?”

“தோண்டுங்க மாமா. ஆத்தாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

எந்த வீட்டுக்கு என்று அவர் கேட்கவில்லை.