ஹெம்லாக் கிளை

வெர்னா படகை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்க்கிறாள். ஹெர்ரிங் மீன்கள் முட்டையிட வந்துவிட்டன. உணவுக்கு எடுக்கும் அந்த முட்டைகள் ஒட்டிக்கொள்ள, ஊசியிலை அடர்ந்த ஹெம்லாக் மரக்கிளைகளை ஒடித்துக் கடலில் அமிழ்த்த வேண்டும். ஆண்டுதோறும் அவள் கிளை ஒடிக்கும் சரிவில் இன்று ஒரு மரம்கூட நிற்கவில்லை. அலாஸ்காவின் ஓயாத தூறலில் வெட்டிய அடிக்கட்டைகள் மலையுச்சிவரை வெளிறிக் கிடக்கின்றன. தலைக்கவசம் மாட்டிய ஒருவன் இறங்கி வருகிறான். அக்கா மகன் ஹார்லன். கவசத்தில் அவர்கள் குலச்சின்னமான காக்கை, கம்பெனி முத்திரையாக உட்கார்ந்திருக்கிறது. "சித்தி, இது கம்பெனி இடம். இங்க இறங்கக் கூடாது." "எந்தக் கம்பெனிடா?" "நம்ம கம்பெனிதான். நம்ம பழங்குடி நிலத்தைச் சர்க்கார் திருப்பிக் கொடுத்தப்போ, கம்பெனியாக்கி நம்ம எல்லார் பேர்லயும்தானே கொடுத்தாங்க? உங்களுக்கும் பங்கு இருக்கு." "மரத்தை வெட்டச் சொன்னது யாருடா?" "ஓட்டெடுத்துத்தான் வெட்டினோம். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க." போன குளிர்காலத்தில் அவன் ஒரு காகிதத்தோடு வந்தான். கம்பெனிக் கூட்டத்துக்கு அலைய வேண்டாம், உங்க ஓட்டை நானே போட்டுடறேன் என்றான். குடும்பத்துக்காகச் சபையில் பேச வேண்டியவன் அக்கா மகன் என்பது குலவழக்கம். அவள் படிக்காமலே கையெழுத்திட்டாள்.  இப்போது அவன் சமாதானம் செய்கிறவன்போல, வெட்டிப்போட்ட மரத்திலிருந்து ஒரு கிளையை முறித்து நீட்டுகிறான். "கிளைதானே வேணும், இந்தாங்க." அவள் வாங்குவதற்குள் பழுப்பேறிய ஊசியிலைகள் பொலபொலவென்று உதிர்கின்றன. கையில் மொட்டைக் குச்சி நிற்கிறது. படகுக்கடியில் மீன்கள் முட்டையிட இடம் தேடிச் சுற்றிச்சுற்றி வருகின்றன.