முன்பல் கறை

"இவங்க எனக்குச் சோறு போட்ட லட்சணத்தை என் பல்லுல பாருங்க டாக்டர்!"

நாற்காலியில் சாய்ந்திருந்த பெண், சுவரோரம் நின்றவளைக் காட்டினாள். சித்தி. அப்பாவின் இரண்டாம் மனைவி.

டாக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்திரண்டு வயசுப் பெண். முன்பல் இரண்டிலும் குறுக்கே சுண்ணாம்பு தீற்றினாற்போல் வெள்ளைத் திட்டு, அதன்மேல் பழுப்புக் கறை. சிரிப்பு வந்தால்கூடக் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஒழுங்காகச் சாப்பாடு போடாமல் வளர்த்துவிட்டு, இப்போது துணைக்கு வந்து நிற்கிறாளாக்கும்!

"அடுத்த மாசம் ஓட்டல் ரிசப்ஷன்ல வேலைக்குச் சேரணும் டாக்டர். ப்ளீச் பண்ணினா போயிடுமா?"

"பழுப்பு நல்லா மங்கிடும். வெள்ளைத் திட்டு முழுசாப் போகாது. சுத்தி இருக்கிற பல்லும் வெளுத்துட்டா அவ்வளவா தெரியாது. முதல் ரெண்டு மூணு நாள் இன்னும் எடுப்பாத் தெரியும், பயந்துடாதே."

விளக்கைத் திருப்பி மறுபடி பார்த்தார். ஏதோ உறைத்தது.

"சித்தி எப்பம்மா வீட்டுக்கு வந்தாங்க?"

"எனக்கு ஏழு வயசு. அதோட என் நல்ல காலம் முடிஞ்சுது. எங்கம்மா இருந்தவரைக்கும் என்னைத் தரையிலயே விடமாட்டாங்களாம்."

எக்ஸ்ரே எடுக்கப் பக்கத்து அறைக்கு அவளை அனுப்பிவிட்டு, டாக்டரம்மா சித்தியிடம் வந்தார்.

"இது ரெண்டு வயசுல, பால்பல் விழுந்தப்புறம் முளைக்கிற பல் ஈறுக்குள்ள உருவாகும்போதே வந்த குறை. பெரிய காய்ச்சல் வந்திருக்கணும், இல்லேன்னா பட்டினி கிடந்திருக்கணும். நீங்க அப்ப அந்த வீட்லயே இல்லை. எதுக்கும்மா இத்தனை வருஷமாத் திட்டு வாங்குறீங்க? வரட்டும், நானே சொல்றேன்."

"ஐயோ, வேண்டாம் டாக்டர்!" சித்தி பதறிப்போனாள். "அவ அம்மாவுக்கு மனசு சரியில்லாம இருந்திருக்கு. புள்ளையை உள்ள வச்சுப் பூட்டிட்டு எங்கயாவது போயிடுவாங்களாம். ஒருதடவை அக்கம்பக்கத்துல பூட்டை உடைச்சுத் தூக்கியிருக்காங்க. தரையில விடாம வளர்த்தாங்கன்னு இவகிட்ட சொல்லி வச்சது நான்தான்."

"அதுக்காக நீங்க..."

"அவ அம்மா போட்டோகிட்டப் பேசிப் பேசியே வளர்ந்தவ டாக்டர். அதையும் பிடுங்கிட்டா அவளுக்கு என்ன மிச்சம்? திட்டுறதுக்குத்தான் நான் இருக்கேனே."

டாக்டரம்மா எக்ஸ்ரே அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பெண் வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க டாக்டர். இது எந்த வயசுல வந்தது?"

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தபடி நின்றார். சித்தி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு, எட்டு வயசுல இருக்கும்."

"நான் சொன்னேன்ல!" பெண் திரும்பி, எரித்துவிடுவதுபோல் சித்தியை முறைத்தாள்.

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.