மூன்று நாள் சட்டம்

கோழி செட்டின் கம்பிக் கதவை உள்பக்கமாகக் கொண்டி போட்டுக்கொண்டாள் ரஞ்சிதா.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து மனநல டாக்டர் போனில் அழைப்பார்.

இது ஐந்தாவது வாரம். நான்கு வாரமும் வீட்டுக் கூடத்தில்தான் பேச்சு. பக்கத்திலேயே மாமியார் முத்தாயம்மாள் உட்கார்ந்துகொள்வாள். டாக்டர் கேட்பது ரஞ்சிதாவை. பதில் சொல்வது மாமியார்.

"நல்லாத் தூங்கறாளுங்க. நல்லாச் சாப்புடறாளுங்க. கெணத்துல கால் வழுக்கி உழுந்த பயந்தானுங்க, வேற ஒண்ணுமில்லீங்க."

டாக்டரிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. நான்கு வாரமாக அதைச் சொல்ல வாய்க்கவில்லை.

கதவு அதிர்ந்தது.

"ஏஞ்சாமி, டாக்டரு கூப்புடற நேரத்துல இங்க என்ன வேல? கதவத் தொற."

"தொறக்கக் கூடாதுங்க அத்தை. நேத்து உங்க தம்பி பண்ணைக்குப் போயிட்டு வந்தீங்க. மூணு நாளு ஆகோணும்."

வேறு பண்ணைக்குப் போய்வந்தவர்கள் மூன்று நாள் செட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. சீக்கு ஒட்டிக்கொண்டு வரும். முத்தாயம்மாள் போட்ட சட்டம் அது. பெற்ற மகனையே ஒரு முறை வெளியில் நிறுத்தியிருக்கிறாள்.

"ஏண்டி, சட்டம் போட்ட எனக்கேவா?"

"சீக்குக்கு ஆளு தெரியாதுங்க."

கல்யாணமாகி மூன்று வருடத்தில் ரஞ்சிதா எதிர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அவளுக்கே காது சூடானது.

போன் அடித்தது. எடுத்துக்கொண்டு செட்டின் கடைக்கோடிக்கு நடந்தாள். இரண்டு பக்கமும் கூண்டுகளில் பத்தாயிரம் கோழிகள் விடாமல் கத்தின. இங்கே என்ன பேசினாலும் கதவுவரை போகாது.

"இன்னைக்காவது தனியா இருக்கீங்களா?" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

அந்த ஒன்றையும் மெல்லச் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கோழிச் சத்தத்துல எதுவுமே கேக்கலம்மா. கொஞ்சம் சத்தமாச் சொல்றீங்களா?"

ரஞ்சிதா திரும்பிப் பார்த்தாள். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முத்தாயம்மாள் நின்றிருந்தாள்.

ரஞ்சிதா கதவை நோக்கி நடந்தாள். கைக்கெட்டும் தூரம் வந்ததும் நின்றாள். மாமியாரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே, போனில் கத்திச் சொன்னாள்.

"கெணத்துல நான் கால் வழுக்கி உழுகலீங்க டாக்டர். நானாத்தான் குதிச்சேன்."