இளவரசியின் தாடை

"குதிரைக்குக் கிரீடம் வச்சு உக்கார வச்ச மாதிரி இல்ல?" என்றார் நெவில். கூடியிருந்த இருபது பேரும் கொல்லென்று சிரித்தார்கள்.

நெவில், லண்டனில் ஓர் ஓவியக் கூடத்துக் காவலாளி. மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, படங்களை யாரும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இளவரசி ஹென்ரியட்டாவின் அதிகாரபூர்வ ஓவியத்தை மாட்டிய நாளிலிருந்து அவர் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை.

ஊரே திரண்டு வந்தது. ஓவியத்தின் மேல் திடீர்க் காதல் வந்து யாரும் வரவில்லை. படத்திலிருக்கும் முகத்தை 'அவித்த உருளைக்கிழங்கு' என்று பத்திரிகைக்காரன் எழுதிவிட்டால், நேரில் வந்து ஒருமுறை காறித் துப்பாமல் இந்த ஜனங்களுக்குத் தூக்கம் வராது.

"இளவரசிக்கு இப்படியா தாடை இருக்கும்? பத்திரிகை அட்டையில எவ்வளவு லட்சணமா இருப்பாங்க!" என்றாள் முத்துமாலை போட்ட சீமாட்டி ஒருத்தி. "இது ஸ்கூல்ல மதியச் சாப்பாடு பரிமாறுற பொம்பள மூஞ்சி."

"கையப் பாருங்க மேடம்," என்று நெவில் எடுத்துக் கொடுத்தார். "பெருவிரலுக்குக் கீழ பளபளன்னு ஒரு தழும்பு. பிரஷ் வழுக்கிடுச்சு போல."

"அந்தக் காலமா இருந்தா, இதை வரைஞ்சவன் தலைய லண்டன் டவர் ஜெயில்ல வச்சு சீவியிருப்பாங்க!" என்றான் லீட்ஸிலிருந்து வந்திருந்தவன். கழுத்தில் கால்பந்துக் குழுவின் மப்ளர். அவன் வாழ்நாளில் பார்த்த முதல் ஓவியம் இதுவாகத்தான் இருக்கும்.

படத்தை வரைந்த ஓவியர் ஃபிரேசரோ, "என் எதிரே உட்கார்ந்திருந்ததை வரைந்தேன்" என்று பத்திரிகைகளுக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தத் திமிருக்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை படத்தை இறக்கிவிடுவதென்று முடிவாகிவிட்டது.

நெவில் மேல் ஏற்கெனவே இரண்டு புகார். இன்னொரு தடவை படத்தைக் கேலி செய்ததாகத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று மேலதிகாரி கடிதமே கொடுத்திருந்தார். ஓய்வு பெற நான்கு மாதம்தான் பாக்கி. ஆனால் இருபது பேர் சிரிக்கும்போது நெவிலால் வாயைக் கட்ட முடியவில்லை.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் நின்றாள். தலையில் ஸ்கார்ஃப், கண்ணில் பெரிய கறுப்புக் கண்ணாடி.

"என்ன மேடம், சிரிப்பே வரலையா? கிட்ட வந்து பாருங்க. அந்த மூக்குக்கு மட்டும் தனியா டிக்கெட் போடலாம்!"

கூட்டம் வழி விட்டது. அவள் படத்தின் முன்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

லீட்ஸ்காரனின் சிரிப்பு பாதியில் நின்றது. அதே தாடை. அதே மூக்கு. நெவிலின் பார்வை அவள் கைக்குப் போனது. பெருவிரலுக்குக் கீழே அதே தழும்பு.

இளவரசியிடமே இளவரசியின் மூக்குக்கு டிக்கெட் போட்டாயிற்று. இனி மூன்றாவது புகார் அரண்மனையிலிருந்தே வரும்.

முதலில் சுதாரித்தது சீமாட்டிதான். பாவாடையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் சடக்கென்று சத்தம் போடும் அளவுக்குத் தாழ்ந்து வணங்கினாள். வரிசையாக மற்றவர்களும் குனிந்தார்கள். லீட்ஸ்காரன் மப்ளரைச் சுருட்டிப் பைக்குள் திணித்தான்.

"அட்டையில வர்றதெல்லாம் கம்ப்யூட்டர்ல சரி பண்ணதுங்க," என்று சீமாட்டி பக்கத்திலிருந்தவனிடம் கிசுகிசுத்தாள். "நேர்ல என்ன கம்பீரம் பாருங்க!"

இந்த மாதிரி முதுகெலும்புகளை எங்கே செய்கிறார்களோ, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைகின்றன.

நெவில் தன் நாற்காலியை இழுத்து வந்து கைக்குட்டையால் துடைத்துப் போட்டார். அவள் தயங்கி உட்கார்ந்தாள். முதுகு நேராக, கைகள் மடியில், அச்சாகப் படத்தில் இருந்தபடியே.

"மன்னிக்கணும் இளவரசி... வாய்க்கொழுப்புல பேசிட்டேன். ரிட்டயராக நாலு மாசம்தான் இருக்கு. புகார் மட்டும் வேண்டாம்..."

"புகாரெல்லாம் இல்லீங்க. வெள்ளிக்கிழமை எடுத்துடுவாங்களாமே, அதுக்குள்ள ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தேன்." அவள் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "நெஜத்தச் சொல்லுங்க. அந்த மூஞ்சி அவ்வளவு கேவலமாவா இருக்கு?"

"ஐயையோ! யாரு சொன்னா?" என்று நெவில் பதறினார். "அந்தத் தாடையப் பாத்தாலே அரச ரத்தம்னு தெரியலையா?"

"தெரியுதே!" என்றான் லீட்ஸ்காரன்.

"அந்தக் களையெல்லாம் பொறப்புலயே வரணும்," என்றாள் சீமாட்டி. "நம்மள மாதிரி ஆளுங்களுக்கெல்லாம் வருமா?"

நாற்காலியில் இருந்தவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். பிறகு எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இளவரசிக்கு ஓவியர் முன்னால உக்கார நேரமில்லைங்க, அவங்க துணிக்கு இஸ்திரி போடுற என்னைத்தான் மூணு வாரம் உக்கார வச்சாங்க."