மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

இல்லை இல்லை, சுவரில் யாரும் முட்டிக்கொள்ளவில்லை, அந்த விஷயத்தில் நிம்மதியாக இருங்கள். இது வேறு விவகாரம்.

எங்கள் சோதனை அறை அகலத்தில் நான்கு எட்டு, நீளத்தில் ஐந்து எட்டு வைத்தால் முடிந்துவிடும். அதற்குள் ஓர் ஆளை அரை மணி நேரம் நடக்க விட வேண்டும். வி.ஆர். கண்ணாடியை மாட்டியதும் அவருக்குக் கடற்கரைச் சாலை தெரியும். நேராகப் போவதாகத்தான் நினைப்பார். நாங்கள் அந்தச் சாலையைத் துளித்துளியாக வளைத்துக்கொண்டே இருப்போம், கால் தானாக அறைக்குள்ளேயே சுற்றும்.

அப்படியும் சுவர் நெருங்கிவிட்டால்?

முதலில் கண்ணாடிக்குள் தரையில் ஒரு மஞ்சள் கோடு தெரியும். அதைத் தாண்டினால் கடல் மறைந்து, கண்ணாடியின் முன்பக்கக் கேமரா திறந்து, உண்மையான அறை தெரியும். திரும்பிக்கொண்டால் மறுபடி கடல். இந்தக் கேமரா ஏற்பாடு நான் போன வாரம் எழுதிச் சேர்த்தது.

கேமரா எத்தனை தடவை திறக்கிறதோ அத்தனை தோல்வி. இதுவரை நடந்தவர்களுக்கெல்லாம் முப்பது, நாற்பது. ஐந்துக்குள் வந்தால்தான் நாளை வரும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போடுவார். போடாவிட்டால் எங்கள் ஆறு பேருக்கும் வேலை கிடையாது.

நடக்க ஆள் கிடைக்கவில்லை. கீழே தையல் கடை வைத்திருக்கும் அக்காவைக் கூட்டி வந்தேன். என் பேண்ட் அத்தனைக்கும் நீளம் குறைத்துத் தந்தவர். அவருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. ஒரு கையை இடுப்பில் ஊன்றி, தோளைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார்.

"நாள் பூரா மிஷினை மிதிக்கிற காலு தம்பி. நடக்க வான்னு ஒருத்தன் கூப்பிடறான், விடுவேனா?"

முடிவைப் பார்த்து முதலாளி என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "அரை மணி நேரத்துல ஒரே ஒரு தடவைடா! பிச்சு உதறிட்டே!"

அக்காவிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாருந்துச்சு தம்பி. சுவரே தெரியல" என்றார். கைப்பிடியைப் பிடித்து மெதுவாகப் படி இறங்கிப் போனார்.

கண்ணாடிக்குள் தெரிவதெல்லாம் பதிவாகும். அதிலிருந்து நாளைக்குக் காட்ட ஒரு நிமிடத் துண்டு வெட்டச் சொன்னார் முதலாளி. குஷியாக உட்கார்ந்து ஓட விட்டேன்.

நான்காவது நிமிடம். மஞ்சள் கோடு வந்தது, தாண்டினார், கேமரா திறந்தது.

திரையில் நான்.

இடுப்பில் ஒரு கை. தோளைச் சாய்த்துச் சாய்த்து. பக்கத்தில் என்னோடு வேலை செய்யும், நாங்கள் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் ஒல்லிப்பையன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறான்.

கண்ணாடி மாட்டியவர் எதிரே சேட்டை செய்வது எங்கள் அறையில் எல்லாரும் செய்வதுதான். முதலாளி மாட்டியிருந்தபோது அவர் தொப்பையைக்கூட நடித்துக் காட்டியிருக்கிறேன். அவர்களுக்குத்தான் தெரியாதே! தெரியும்படி நானே செய்து வைத்தது போன வாரம். சத்தியமாக மறந்துபோனேன்.

ஞாபகம் இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன். யோசித்தால் அது இன்னும் கேவலமாக இல்லையா?

மூன்று விநாடி கேமரா எங்கள் மேலேயே நின்றது. அக்கா நின்று பார்த்திருக்கிறார். பிறகு கடல்.

மறைக்காமல் சொல்கிறேன், நான் செய்த முதல் வேலை அந்த மூன்று விநாடியை வெட்டி எறிந்ததுதான். காதெல்லாம் சுட்டது. இருந்தும் வெட்டினேன்.

மிச்சத்தை அப்புறம்தான் பார்த்தேன், நல்ல துண்டு தேடி.

ஐந்தாவது நிமிடம், மஞ்சள் கோடு. கோட்டை மிதிக்காமல் திரும்பிவிட்டார். ஆறாவது நிமிடமும் அப்படியே. அங்கிருந்து எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு தடவை கோடு வந்திருக்கிறது. நாற்பத்திரண்டு தடவையும் ஓர் எட்டு முன்னாலேயே சட்டென்று திரும்பியிருக்கிறார். அவ்வளவு நீளச் சாலை கிடக்க, ஒரே விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சுற்றி, கடைசி நிமிடம் வரை. நடுவில் கண்ணாடியைக் கழற்றி என் மூஞ்சியில் எறிந்திருக்கலாம். எறியவில்லை.

என் சாலை ஒன்றும் அவரை வளைக்கவில்லை. எங்களை இன்னொரு தடவை பார்க்க வேண்டாம் என்று அவராகத் திரும்பியிருக்கிறார். அதைத்தான் முதலாளி வரைபடமாகப் போட்டுப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டிருக்கிறார்.

வாடிக்கையாளர் காலை பத்து மணிக்கு வருகிறார். முதலாளி மேலே இருக்கிறார், அவருக்கு இன்னும் இது எதுவும் தெரியாது. கீழே தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. நான் நடுவில் மாடிப்படியில் உட்கார்ந்து உங்களுக்கு இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் சொல்லுங்களேன், நீங்களாக இருந்தால் முதலில் மேலே போவீர்களா, கீழே போவீர்களா?